ஏலத்தோட்ட மண்ணும் நன்மை செய்யும் நூற்புழுவும்: வேர்ப்புழுவுக்கு எதிராக இறக்குவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை என்று நீளும் இடுக்கி மலைகளில் ஏலச்செடி வைத்திருப்பவர்களுக்கும், கம்பம், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து விடிகாலை ஜீப்பில் மலையேறி அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் வேர்ப்புழுவைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. செடி காரணமின்றி மஞ்சளித்து, புதுத் தட்டை எழும்பாமல் நிற்கும்போது தூரைக் கிளறினால், வெள்ளை உடலும் பழுப்புத் தலையுமாக வளைந்து கிடக்கும் அந்தப் புழுக்கள் சல்லிவேரைத் தின்று தீர்த்திருப்பது தெரியும். பாசிலெப்டா ஃபுல்விகார்னே என்னும் சிறு வண்டின் இளம்பருவம் இது. வண்டு நீலமும் பச்சையும் கலந்து மின்னும். முட்டையைத் தூரைச் சுற்றிக் கிடக்கும் காய்ந்த சருகில் இடும். பொரித்த புழு மண்ணுக்குள் இறங்கி வேரைத் தேடும். இந்தப் புழுவை மண்ணுக்குள்ளேயே தேடிப்பிடித்துக் கொல்லும் நூற்புழுவைப் பற்றியும், அது உயிரோடிருந்து வேலை செய்ய மண் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியும் இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

நூற்புழு என்றதும் பலரும் வேர்முடிச்சு நோயை நினைத்துப் பயப்படுகிறார்கள். அது வேறு இனம், செடியைத் தாக்குவது. நாம் பேசும் நூற்புழு பூச்சியை மட்டுமே தாக்கும், செடியின் வேரைத் தொடாது. இவற்றில் நம் சூழலுக்கு மிகவும் பொருந்துவது ஹெட்டெரோராப்டைட்டிஸ் இண்டிகா. பெயரிலேயே இந்தியா இருப்பது தற்செயல் அல்ல. கோயம்புத்தூர்ப் பகுதிக் கரும்பு வயலில் கிடைத்த இந்த இனத்தை 1992-ஆம் ஆண்டில் புதிய இனமென்று விவரித்துப் பெயரிட்டார்கள். ஆகவே நம் வெப்பத்துக்கும் நம் மண்ணுக்கும் பழகிய உள்ளூர்ப் பிறவி இது. கடையில் கிடைக்கும் மற்றோர் இனம் ஸ்டெய்னெர்னீமா கார்ப்போகேப்சே. இரண்டுக்கும் குணம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலை செய்யும் விதம் சுருக்கமாக இதுதான். அரை மில்லிமீட்டரை ஒட்டிய நீளமுள்ள இளம்புழு, இரை தின்னாமல், உடலில் சேர்த்து வைத்த கொழுப்பை மட்டும் நம்பி மண்ணில் காத்திருக்கிறது. பூச்சியின் வாய், மலத்துளை, மூச்சுத்துளை ஆகியவற்றின் வழியாக, ஹெட்டெரோராப்டைட்டிஸ் என்றால் சில வேளை மெல்லிய தோலையே கீறிக்கொண்டு, உள்ளே நுழைந்து, தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை விடுவிக்கிறது. ஓரிரு நாளில் பூச்சி இறக்கிறது. அந்த உடலிலேயே நூற்புழு இனம் பெருகி, இரண்டு வாரம் அளவில் ஆயிரக்கணக்கில் வெளியே வருகிறது. ஹெட்டெரோராப்டைட்டிஸ் கொன்ற புழு செங்கல் நிறத்துக்கு மாறும். அழுகல் நாற்றம் இருக்காது. இந்த நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இரண்டு இடத்தில் தேவைப்படும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். நூற்புழு ஒரு மருந்து அல்ல. மாடு வாங்கி வருவதைப் போன்றது. தொழுவத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்காமல் மாட்டை ஓட்டி வருபவர் இல்லை. ஆனால் மண்ணைப் பார்க்காமல் நூற்புழு வாங்குபவர்கள்தாம் அதிகம். முதன்முறை நானும் அப்படித்தான் செய்தேன். ஏப்ரல் மாதத்தில், கோடைமழை ஒன்று பெய்து நான்கு நாள் வெயிலடித்த பிறகு, பகல் பதினொரு மணிக்கு, சருகின் மேலேயே பவர் ஸ்பிரேயரால் அடித்து முடித்தோம். ஒரு மாதம் கழித்துக் கிளறியபோது வேர்ப்புழு செழிப்பாக இருந்தது. சரக்கு மோசம் என்று சில காலம் பேசிக்கொண்டு திரிந்தேன். மோசமாக இருந்தது சரக்கு அல்ல.

படி 1: ஈரத்தைச் சோதியுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட இதற்கே அதிக நேரம் கொடுங்கள். நூற்புழுவுக்குக் கால் இல்லை. மண் துகள்களைச் சுற்றிப் படர்ந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல் வழுக்கித்தான் அது நகர்கிறது. படலம் வற்றினால் நின்ற இடத்திலேயே நிற்கும், பிறகு காயும். மண்ணின் இடைவெளி முழுவதும் நீர் நிறைந்துவிட்டால் ஊன்றி நகர்வதற்கு இடமின்றி மிதக்கும், காற்றும் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில் உள்ள பதமே வேண்டும்.

அந்தப் பதத்தை அறியக் கருவி தேவையில்லை. சருகை ஒதுக்கி, 10 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். புட்டுக்குப் பிசிறிய மாவைப் போல, பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிர்ந்து, உள்ளங்கையில் ஈரம் மட்டும் படிந்தால் நூற்புழுவுக்குச் சரியான நேரம். விரலிடுக்கில் நீர் கசிந்தால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பிடிக்கும்போதே பொலபொலவென்று உதிர்ந்தால் முதல்நாள் தண்ணீர் பாய்ச்சாமல் இறங்க வேண்டாம். ஒரே தோட்டத்தில் மேட்டில் ஒரு பதம், ஓடைக்கரையில் ஒரு பதம் இருக்கும் என்பதால், குறைந்தது ஐந்தாறு இடத்தில் பிடித்துப் பாருங்கள்.

இன்னொரு நுட்பம் உண்டு. மண் மெதுவாகக் காய்ந்தால் நூற்புழு ஓரளவு உறங்குநிலைக்குப் போய்த் தாக்குப்பிடிக்கும். வேகமாகக் காய்ந்தால் அந்த அவகாசம் கிடைக்காது. இந்த விஷயத்தில் ஹெட்டெரோராப்டைட்டிஸை விட ஸ்டெய்னெர்னீமா சற்று உறுதியானது. ஆகவே இட்ட நாளின் ஈரத்தை மட்டும் பார்ப்பது போதாது. அடுத்த இரண்டு வாரமும் மேல்மண் திடீரென்று வறண்டுவிடாது என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். ஒற்றைக் கோடைமழையை நம்பி இறங்குவது இதனால்தான் தவறாகிறது.

படி 2: மண்ணுக்கு மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள்

மணல் கலந்த பொலபொலப்பான மண்ணில் நூற்புழு எளிதாக நகரும். களி கூடக் கூடத் துளைகள் சிறுத்து நடமாட்டம் குறையும், காற்றும் குறையும். நம் ஏலக்காடுகளின் மேல்மண், மக்கிய இலை கலந்த கருமையான வனமண்; அது நல்ல இருப்பிடம். ஆனால் அதற்குக் கீழே பல இடங்களில் இறுகிய செம்மண் இருக்கிறது. சரிவில் மேல்மண் அரித்துப்போன தோட்டங்களில் அந்தச் செம்மண்ணே மேலே வந்துவிட்டது. ஆட்கள் நடந்து நடந்து இறுகிய வரப்போரத் தூர்களின் நிலையும் இதுதான்.

சந்தேகமிருந்தால் ஒரு சாண் ஆழம், ஒரு சாண் அகலத்தில் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய நீர் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் நீர் நின்றால், அங்கே முதலில் வடிகால் எடுங்கள். நூற்புழுவைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். இறுகிய மண்ணில் தூரைச் சுற்றி வேர் அறுபடாமல் முள்கரண்டியால் லேசாகக் கிளறிவிட்டாலே நிலைமை பெரிதும் மாறும். களி மிகுந்த மண்ணில் நூற்புழு தொலைவாக நகராது என்பதால், ஒரே இடத்தில் கொட்டாமல் தூரைச் சுற்றிப் பல இடத்தில் பிரித்து இட வேண்டும்.

படி 3: வெப்பமும் வெயிலும்

ஹெட்டெரோராப்டைட்டிஸ் இண்டிகாவுக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலான மண்வெப்பம் உகந்தது. 35-ஐத் தாண்டினால் தளரும், தொடர்ந்தால் சாகும். 15-க்குக் கீழே போனால் மந்தமாகிவிடும். வெப்பம் கூடினால் சேமித்த கொழுப்பு வேகமாகக் கரைந்து ஆயுள் குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 5 செ.மீ. ஆழத்தில் மண்வெப்பமானியைச் செருகி, காலை, பிற்பகல் என இரு வேளை பாருங்கள்.

நிழல் உள்ள ஏலக்காட்டில் வெப்பம் அரிதாகவே தொல்லை தரும். மார்கழி, தை மாதக் குளிரே அதிகம் தடுக்கும். ஆனால் மழைக்கு முன் நிழல்மரங்களைக் கவ்வாத்துச் செய்து கிளைகளை இறக்கியவுடன், அதுவரை வெயில் காணாத மண் நேரடியாகக் காயத் தொடங்குகிறது. நிழல் வெட்டிய வாரத்திலேயே நூற்புழுவையும் இட்டால், ஒரு கையால் கூரையைப் பிரித்துவிட்டு மறு கையால் குடியேற்றுவதாகும். கீழே கம்பம் பள்ளத்தாக்கில் காய்கறியோ வாழையோ வைத்திருப்பவர்கள் கோடையில் மூடாக்கில்லாத மண்ணில் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் நூற்புழுவைச் சில நிமிடங்களிலேயே செயலிழக்கச் செய்யும். மாலை நாலரைக்கு மேலோ, மேகமூட்டமான நாளிலோ மட்டும் இடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

படி 4: புளிப்பு, உப்பு, உரம், மருந்து

மலை மண் புளிப்பானது. அதற்காக நூற்புழுவை முன்னிட்டுச் சுண்ணாம்பு போட வேண்டியதில்லை. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4 முதல் 8 வரை இருந்தால் அவற்றைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. செடிக்காகச் சுண்ணாம்பு போடுவதானால் போடுங்கள், ஆனால் இட்ட இடம் சில நாள் கடுங்காரமாக இருக்கும் என்பதால் இரண்டு மூன்று வார இடைவெளி விடுங்கள். உப்புத்தன்மை மலையில் பிரச்சினையே இல்லை. கீழே உப்பு நீர் ஏறிய கிணற்றுப் பாசனத்தில்தான் அதைக் கவனிக்க வேண்டும்.

உரத்தில் கவனம் தேவை. நன்றாக மக்கிய தொழுவுரமும் இலைமக்கும் நூற்புழு நிலைத்திருக்க உதவுகின்றன. ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன, மண்ணைப் பொலபொலப்பாக்குகின்றன. மக்காத பச்சைச் சாணமும், யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை ஒரே இடத்தில் குவித்து இடுவதும் கேடு செய்கின்றன. உரம் வைத்து இரண்டு வாரம் கழித்து நூற்புழு என்ற வரிசையை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வேப்பம்பிண்ணாக்குக்கும் அதே இடைவெளி; வேர்முடிச்சு நூற்புழுவை அடக்கவென்று நாம் போடும் பொருள், நம் நூற்புழுவுக்கு மட்டும் இனிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மருந்துதான் ஏலத்தோட்டத்தில் சிக்கல். மாதந்தோறும் அடிப்பு நடக்கும் தோட்டங்கள் பல. வேர்முடிச்சுக்கென மண்ணில் இடும் நூற்புழுக்கொல்லிக் குருணைகள் நல்லது கெட்டது பார்க்காமல் கொல்லும். அவை இட்ட தோட்டத்தில் அந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். அழுகலுக்குத் தூரில் ஊற்றும் போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு ஆகியவற்றுக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். இமிடாகுளோப்ரிட் போன்ற சில பூச்சிக்கொல்லிகளை நூற்புழு தாங்கிக்கொள்ளும். தென்னை, பாக்கு வேர்ப்புழுவுக்கு இரண்டையும் சேர்த்தே இடும் முறை கேரளத்தில் இருக்கிறது. ஆனாலும் எந்த மருந்தானாலும், ஒரு தம்ளர் மருந்துநீரில் சிறிது நூற்புழுவை ஒரு நாள் போட்டு வைத்து, அசைவைப் பார்க்காமல் டாங்கியில் கலக்காதீர்கள்.

படி 5: மண்ணையே கேட்பது

மேலே சொன்ன அத்தனை சோதனைகளையும் ஒரே சோதனையில் அடக்கலாம். ஐந்தாறு தூர்களின் அடியிலிருந்து தலைக்குக் கால் கிலோ மண் எடுத்து, தனித்தனி மூடியுள்ள டப்பாக்களில் போட்டு, மூடியில் சிறு துளைகள் இடுங்கள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள நான்கைந்து மெழுகுப்புழுக்களை விட்டுக் கவிழ்த்து வையுங்கள். தேன் வளர்ப்பவர்களிடம் பழைய அடையில் இவை கிடைக்கும். அவர்களுக்கு இது எதிரி என்பதால் மகிழ்ச்சியாகவே தருவார்கள்.

நான்கு ஐந்து நாளில் எதுவும் சாகவில்லை என்றால் உங்கள் மண்ணில் உள்ளூர் நூற்புழு இல்லை அல்லது மிகக் குறைவு. செங்கல் நிறத்தில் செத்துக் கிடந்தால் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக வாங்குவதை விட, மருந்தைக் குறைத்து அவற்றைக் காப்பதே மலிவான வழி. பிறகு அதே மண்ணில் வாங்கி வந்த நூற்புழுவைச் சிறிது விட்டு, புதிய மெழுகுப்புழுக்களைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் சாகவில்லை என்றால் குறை மண்ணிலோ சரக்கிலோ இருக்கிறது. எதில் என்று தெரிய, கொதிக்க வைத்து ஆறிய ஈர ஆற்றுமணலில் இதையே செய்யுங்கள். மணலில் செத்து, தோட்டத்து மண்ணில் சாகவில்லை என்றால் குற்றவாளி மண்.

படி 6: இனமும் அளவும்

ஸ்டெய்னெர்னீமா கார்ப்போகேப்சே, மேல்மண்ணில் பதுங்கி நின்று, தன்னைக் கடந்து போகும் பூச்சியைப் பிடிக்கும். ஹெட்டெரோராப்டைட்டிஸ் இண்டிகா மண்ணுக்குள் தேடிச் செல்லும். வேரோடு ஒட்டி அதிகம் நகராமல் கிடக்கும் ஏல வேர்ப்புழுவுக்குத் தேடிச் செல்வதே பொருத்தம்.

பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஒரு சதுர செ.மீ. மண்பரப்புக்கு 25 இளம்புழுக்கள். ஏக்கர் முழுவதும் இட்டால் ஏறத்தாழ 100 கோடி. கேட்டதும் மலைக்க வைக்கும் எண். ஆனால் ஏலத்தில் தூரைச் சுற்றி அரை மீட்டர் ஆரத்துக்குள் இட்டால் போதும். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 7,850 சதுர செ.மீ.; தூருக்கு ஏறத்தாழ 2 இலட்சம். பத்தடிக்குப் பத்தடி இடைவெளியில் ஏக்கருக்கு 435 தூர் என்றால் மொத்தம் 8.7 கோடிதான். இடம் பார்த்து இடுவதால் தேவை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது.

படி 7: நேரம்

கோடைமழைக்குப் பின் வண்டுகள் கூட்டமாகக் கிளம்பும். அவற்றை வலையால் பிடித்து அழிப்பது முதல் வேலை. ஒரு பெண் வண்டு போனால் அதன் முட்டைகள் அத்தனையும் போயின. வண்டு தென்பட்ட சில வாரங்களில் வேர்ப்புழு மண்ணில் இறங்கும். புழு சிறிதாக இருக்கும்போது நூற்புழு இருந்தாக வேண்டும். ஆகவே முதல் முறை மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ, மண் நனைந்து, தென்மேற்குப் பருவமழையின் கொட்டல் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில். இரண்டாம் முறை, அடுத்த வண்டுக் கூட்டத்துக்குப் பின் செப்டம்பர், அக்டோபரில், துலாமழைக்கு (வடகிழக்குப் பருவமழைக்கு) முன். ஜூலை மழையில் சரிவுத் தோட்டத்தில் இட்டால் நூற்புழு ஓடையோடு போகும்.

படி 8: இடுவது

ஏலத்தோட்டங்களில் பழகிவிட்ட முறை, நூற்புழு ஏறிச் செத்த மெழுகுப்புழு உடல்களைத் தூருக்கு நான்கு வீதம் புதைப்பது. ஓர் உடலிலிருந்து ஓர் இலட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இளம்புழுக்கள் வெளிவரும். நான்கு உடல் என்றால் மேலே போட்ட கணக்குக்கு மிஞ்சியே வரும். மின்சாரமும் ஸ்பிரேயரும் தேவையில்லை, வெயில் படாது, வெளிவரும் புழு நேராக ஈரமண்ணில் இறங்கும் என்பதால் நானும் இதையே விரும்புகிறேன். சருகை ஒதுக்கி, வேர் படர்ந்துள்ள இடத்தில் நான்கு திசையிலும் 5 செ.மீ. ஆழத்தில் ஒவ்வொன்றாக வைத்து, ஈரமண்ணால் மூடி, சருகை மீண்டும் போடுங்கள். உடல்களைக் கசக்கக்கூடாது. எறும்புப் புற்று உள்ள தூரில் சற்று ஆழமாக வையுங்கள்.

தூள் வடிவச் சரக்கானால் முதலில் உயிரைச் சோதியுங்கள். வெள்ளைத் தட்டில் சிறிது நீர் விட்டு, ஒரு சிட்டிகைத் தூள் கரைத்து, அரைமணி கழித்து டார்ச்சு வெளிச்சத்தில் 10 மடங்கு பெருக்கும் லென்சால் பாருங்கள். இண்டிகா நெளிந்துகொண்டே இருக்கும். கார்ப்போகேப்சே ஓய்வில் நேராகக் கிடக்கும் வழக்கமுடையது, ஊசிமுனையால் தொட்டுப் பார்த்த பிறகே செத்ததாகக் கொள்ளுங்கள். மலைக்குக் கொண்டுவரும்போது நனைந்த சாக்கில் சுற்றி ஜீப்பின் நிழற்பக்கத்தில் வையுங்கள். கம்பத்தில் சாப்பிட இறங்கும் அரைமணி நேரத்தில் மூடிய வண்டியின் உள்சூடு மொத்தச் சரக்கையும் வேகவைத்துவிடும்.

கரைத்த நீரைச் சில மணி நேரத்துக்குள் இட்டு முடியுங்கள். நூற்புழு அடியில் தங்கும், ஆகவே கலக்கிக்கொண்டே இருங்கள். நுண்ணிய வடிகட்டிகளைக் கழற்றி, அகலமான வாயுள்ள நாசிலைப் பொருத்தி, குறைந்த அழுத்தத்தில் விடுங்கள். நாசிலையே கழற்றிக் குழாயால் ஊற்றினாலும் சரியே, பூவாளியும் நன்றாகவே வேலை செய்யும். மருந்தடித்த டாங்கியானால் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவுங்கள். சருகை ஒதுக்காமல் ஊற்றினால் பாதி சருகிலேயே தங்கிக் காயும். நான் முதன்முறை தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஊற்றியபின் தூருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெறும் நீர் விட்டு உள்ளே இறக்கி, சருகால் மூடுங்கள்.

படி 9: பின்பு பார்ப்பது

இரண்டு வாரம் புட்டுமாவுப் பதம் குலையாமல் காத்திடுங்கள். பத்து நாளில் இரண்டு தூரைக் கிளறினால் செங்கல் நிறத்தில் இறந்த வேர்ப்புழுக்கள் சில கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் உடனே முடிவு கட்டாதீர்கள், இறந்த சிறு புழு சீக்கிரம் கரைந்துவிடும். இடுவதற்கு முன் பத்துத் தூரில் உயிருள்ள புழுவை எண்ணிக் குறித்து வைத்து, நான்கு வாரம் கழித்து அவற்றுக்குப் பக்கத்துத் தூர்களில் எண்ணுவதே நம்பத்தக்கது. நூற்புழு இடாத ஒரு வரிசையை வேண்டுமென்றே விட்டுவைத்து அதிலும் எண்ணுங்கள்; மழையால் குறைந்ததா, நூற்புழுவால் குறைந்ததா என்பது அந்த வரிசையில்தான் தெரியும். மூன்று மாதம் கழித்து மெழுகுப்புழு டப்பாச் சோதனையை அதே தூர்களில் மறுபடி செய்தால், அடுத்த பருவத்துக்கு வாங்க வேண்டுமா, எந்தப் பகுதிக்கு மட்டும் வாங்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.